தென்னந்தோப்பு வண்டி மட்டைக் குவியலில் சிக்கி நிற்கிறது: எந்த வழி தேடும் முறை சரிப்படும்?

பட்டுக்கோட்டை தோப்பு | சனி, காலை 6:50

எல்லாருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 25 அடிக்கு ஒரு மரம். பறிப்பு நாளில் காயை அங்கங்கே குவித்துவிடுவார்கள். அங்கிருந்து கொட்டகை வரைக்கும் தலைச்சுமைதான். அத்தைக்கு முழங்கால் தேய்ந்துபோய் இப்போது கூடை தூக்க முடியவில்லை. அதற்காகத்தான் தானாக ஓடும் சின்ன வண்டி ஒன்றைக் கட்ட ஆரம்பித்தேன்.

வண்டி 80 செ.மீ அகலம், 1.1 மீட்டர் நீளம். கார் மாதிரி முன்சக்கரம் மட்டும் திரும்பும். தரையில் இருந்து 30 செ.மீ உயரத்தில் ஒரு லைடார் (லேசர் ஒளியால் சுற்றிலும் தூரம் அளக்கும் உணரி), உள்ளே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி. வழி தேட நான் எழுதியது பொட்டென்ஷியல் ஃபீல்டு முறை. போய்ச் சேர வேண்டிய இடம் வண்டியை இழுக்கும், தடைகள் தள்ளும், இரண்டையும் கூட்டி வரும் திசையில் வண்டி போகும். உசாமா காதிப் 1986இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அப்படியே செய்தேன். நாற்பது வரி நிரல்தான். மரங்களுக்கு நடுவே அருமையாக ஓடியது.

கொட்டகைக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லாம் கெட்டது. அங்கே கொட்டகைச் சுவரும் இரண்டு பக்கம் மட்டைக் குவியலும் சேர்ந்து ‘ப’ போல நிற்கிறது. வண்டி அதற்குள் நுழைந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. தள்ளும் விசையைக் கூட்டினேன். அப்புறம் இரண்டு மரத்துக்கு நடுவேகூடப் போக மறுக்கிறது. ஆர்ஆர்டி என்ற முறைக்கு மாறினால் தீருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குடந்தை வாத்தியார் | சனி, காலை 9:15

தம்பி, உங்கள் நிரலில் பிழை எதுவும் இல்லை. அந்த முறையின் சுபாவமே அதுதான். இழுவிசையும் தள்ளுவிசையும் ஒன்றை ஒன்று சரிக்கட்டும் இடம் ஒரு குழி. வண்டி தன் காலடியில் எந்தப் பக்கம் சரிவு என்று மட்டும் பார்க்கிறது. குழிக்குள் விழுந்தால் எல்லாப் பக்கமும் மேடாகத்தான் தெரியும். குழியே இல்லாத புலம் அமைக்க முடியும் என்று ரிமோனும் கோடிட்ஷெக்கும் 1992இல் காட்டினார்கள். ஆனால் அதற்குத் தடைகளின் வடிவம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு தெரிந்தால் எளிய வழி வேறு இருக்கிறது.

நீங்கள் கடைமடைக்காரர், உங்களுக்குத் தண்ணீரை வைத்தே சொல்கிறேன். தோப்பு முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரியுங்கள். போய்ச் சேர வேண்டிய இடத்தில் மடையைத் திறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவுகிறது, தடையைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் வண்டி நிற்கும் கட்டத்துக்கும் தண்ணீர் வரும். இப்போது வண்டி செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்கத்துக் கட்டங்களில் எதற்கு முதலில் தண்ணீர் வந்ததோ அதற்கு நகர வேண்டும், மறுபடி அப்படியே. எந்தக் கட்டத்துக்கும் தண்ணீர் தனக்கு முன்னால் நனைந்த ஒரு பக்கத்துக் கட்டத்தில் இருந்துதானே வந்திருக்கும்? ஆகவே நடுவில் சிக்கிக்கொள்ள இடமே கிடையாது. ‘ப’வுக்குள் நின்றால் வண்டி முதலில் பின்னால் வந்து, சுற்றிக்கொண்டு போகும். தண்ணீர் வந்து சேரவே இல்லை என்றால் வழியே இல்லை என்று அர்த்தம். அதையும் அந்த முறை உறுதியாகச் சொல்லிவிடும்.

இது டைக்ஸ்ட்ராவின் முறைதான். 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார், அச்சில் வந்தது 1959இல். இதில் வீண் வேலை ஒன்று உண்டு. பட்டுக்கோட்டையில் இருந்து கும்பகோணத்துக்கு வழி தேடுகிறவர் அறந்தாங்கிப் பக்கம் தேடிக்கொண்டிருக்க மாட்டார். இந்தத் தண்ணீரோ அந்தப் பக்கமும் பரவும். 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இதுவரை வந்த தூரத்தோடு, இனி போக வேண்டிய தூரத்தின் மதிப்பீட்டையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த கட்டத்தை முதலில் பார். மதிப்பீடு உண்மைத் தூரத்தை ஒருபோதும் மிஞ்சாமல் இருந்தால் கிடைப்பது குறுகிய வழிதான். பறவை பறக்கிற தூரம் எப்போதும் அதற்குப் பொருந்தும். அதுதான் ஏ ஸ்டார். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஷேக்கி என்ற ரோபோவைக் கட்டிக்கொண்டிருந்த குழுவில் பிறந்தது. உங்கள் வண்டிக்கு நேர் மூதாதை.

ஆர்ஆர்டி உங்களுக்கு இப்போது வேண்டாம். முதலில் இதைச் செய்யுங்கள்.

---

வேதை உப்புக்காற்று | சனி, காலை 10:40

வரைபடம், கட்டம் எல்லாம் எதற்கு? நான் படிக்கும்போது ஒரு போட்டிக்காக ரோபோ செய்தோம், பக் ஆல்கரிதம்தான் போட்டோம். இலக்கை நோக்கி நேராகப் போ. எதிலாவது முட்டினால் அதன் கரையைப் பிடித்துக்கொண்டே சுற்று. சுற்றியதில் இலக்குக்கு மிக அருகில் இருந்த இடத்தில் இருந்து மறுபடி இலக்கை நோக்கிப் போ. ஒன்றிரண்டு புள்ளிகளை நினைவில் வைத்தால் போதும், ‘ப’ வடிவத்தில் இருந்தும் தானாக வெளியே வந்துவிடும். லுமெல்ஸ்கி, ஸ்டெபனோவ் இருவரும் 1987இல் இதை நிரூபித்தே காட்டியிருக்கிறார்கள்.

---

குடந்தை வாத்தியார் | சனி, காலை 11:05

சரியான வாதம், மறுக்கவில்லை. தொடுஉணர்வு மட்டுமே உள்ள ஒரு இயந்திரம்கூட இலக்கை அடையும் என்று காட்டியது பெரிய காரியம். பக் 1 முறையில் தடையை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, இலக்குக்கு மிக அருகில் இருந்த புள்ளிக்குத் திரும்பி வந்து அங்கிருந்து கிளம்ப வேண்டும். நடை எவ்வளவு நீண்டாலும் நேர்தூரம், அதோடு வழியில் முட்டிய தடைகளின் சுற்றளவில் ஒன்றரை மடங்கு, இதைத் தாண்டாது. ஆனால் தம்பியின் வண்டி தேங்காய்ச் சுமையோடு ஒவ்வொரு நடைக்கும் கொட்டகையைச் சுற்றி வந்தால் பேட்டரி மதியத்துக்கே தீர்ந்துவிடும். மரமும் கொட்டகையும் நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கப் போகின்றன. மாறாததை ஒருமுறை வரைந்து வைத்துக்கொள்வதில் நட்டம் என்ன?

---

மன்னை பட்டறை | சனி, இரவு 8:20

எல்லாரும் வண்டியை ஒரு புள்ளியாக வைத்துப் பேசுகிறீர்கள். நான் வெல்டிங் பட்டறைக்காரன், எனக்கு முதலில் தெரிவது சக்கரம்தான். தம்பி, வண்டியைக் கடைசி வரைக்கும் ஒடித்துத் திருப்பினால் ஆரம் எவ்வளவு வருகிறது? பின் அச்சின் நடுவில் இருந்து அளந்து சொல்லுங்கள்.

---

பட்டுக்கோட்டை தோப்பு | சனி, இரவு 8:45

இப்போதுதான் டார்ச் வைத்து அளந்தேன் அண்ணே. 1.8 மீட்டர்.

---

மன்னை பட்டறை | சனி, இரவு 9:30

அப்படியென்றால் கணக்கைப் பாருங்கள். மரத்துக்கு மரம் 25 அடி, அதாவது 7.6 மீட்டர். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டப்பாத்தி இருக்கும். எரு வைக்க 1.8 மீட்டர் ஆரத்தில் எடுப்பதுதான் வழக்கம். இரண்டு பக்கப் பாத்தியையும் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 4 மீட்டர்.

அந்த 4 மீட்டருக்குள் வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். பின் அச்சின் நடு மட்டும் 3.6 மீட்டர் நகரும். இரண்டு பக்கமும் வண்டியின் பாதி அகலம் சேர்ந்தால் 4.4. முன் மூலை இன்னும் கொஞ்சம் வெளியே வீசும். ஆக, சந்தில் ஒரே வீச்சில் திரும்பவே முடியாது, பாத்தி வரப்பில் சக்கரம் ஏறிவிடும். ஆனால் நான்கு மரத்துக்கு நடுவில் இருக்கிற முற்றத்தில் பாருங்கள். எதிரெதிர் மூலை மரங்களுக்கு இடையே 10.7 மீட்டர், பாத்தி போக 7 மீட்டருக்கு மேல் கிடைக்கும். அங்கே தாராளமாகத் திரும்பலாம்.

கட்டம் கட்டமாக வழி போட்டால் கணினி சந்துக்குள்ளேயே ‘இங்கே திரும்பு’ என்று சொல்லும். வண்டியால் முடியாது. அப்புறம் நிரல் சரியில்லை என்று நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

---

திருவாரூர் தேரடி | ஞாயிறு, காலை 7:10

பட்டறை அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர் ஆழித்தேர்தான் கண்முன் வந்தது. 96 அடி உயரம், கிட்டத்தட்ட 300 டன். சின்ன வயதில் இருந்து வீதி மூலையில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். நேர் வீதியில் வடம் பிடித்தால் தேர் ஓடும். மூலையில்தான் வித்தை எல்லாம் இருக்கிறது. தேரைப் பக்கவாட்டில் நகர்த்த முடியாது, நின்ற இடத்தில் சுழற்றவும் முடியாது. முட்டுக்கட்டை போடுகிறவர் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் கட்டையைக் கொடுத்துக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்புவார். மூலை வந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் கெட்டது. நேர் வீதியில் வரும்போதே எந்தப் பக்கம் ஒட்டி வர வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். தேருக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் கணக்கு.

இதைத்தான் ரோபோக்காரர்கள் நிலை என்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிழமேல், வடதென், முகத்திசை என்று மூன்று எண்கள். வாத்தியார் ஐயா, நான் புரிந்துகொண்டது சரிதானா?

---

குடந்தை வாத்தியார் | ஞாயிறு, காலை 8:00

முழுக்கச் சரி. இதைவிட நல்ல உதாரணத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை, இனிமேல் சொல்வேன். பட்டறைக்காரர் கேட்ட கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

---

ஒரத்தநாடு ஆய்வு மாணவி | ஞாயிறு, மதியம் 1:30

அந்த மூன்று எண்களின் வெளிக்கு நிலைவெளி என்று பெயர். தொமாஸ் லொசானோ பெரெஸ் 1980களின் தொடக்கத்தில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். வண்டியைப் புள்ளியாகச் சுருக்கிவிடு, அதற்கு ஈடாகத் தடையை ஊதிப் பெரிதாக்கு. தம்பியின் வண்டியில் மூலைவிட்டத்தில் பாதி 68 செ.மீ வருகிறது. தென்னை மரத்தின் ஆரத்தை 20 செ.மீ என்று வைத்து, கைக்காவலுக்கு இன்னும் 20 சேர்த்தால் 1.08 மீட்டர். ஒவ்வொரு மரத்தையும் அந்த ஆரமுள்ள வட்டமாக வரைந்துவிட்டால் வண்டி எந்தத் திசையில் நின்றாலும் மரத்தில் உரசாது. இடைஞ்சலான இடங்களில் இது அளவுக்கு மீறிய பயம். 7.6 மீட்டர் இடைவெளியில் கவலையே இல்லை.

திரும்பும் ஆரத்துக்கு வருகிறேன். முன்னால் மட்டும் போகும் வண்டிக்கு இரண்டு நிலைகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி எப்படி இருக்கும் என்று டியூபின்ஸ் 1957இலேயே கண்டுபிடித்துவிட்டார். முழு ஒடிப்பில் ஒரு வளைவு, ஒரு நேர்கோடு, மறுபடி ஒரு வளைவு, அல்லது மூன்றும் வளைவு. அதிகபட்சம் மூன்றே துண்டுகள். ரிவர்ஸும் எடுக்கலாம் என்றால் 1990இல் ரீட்ஸும் ஷெப்பும் போட்ட கணக்கு. இந்த வளைவுகளை ஏ ஸ்டாரோடு சேர்த்ததுதான் ஹைப்ரிட் ஏ ஸ்டார். 2007இல் அமெரிக்காவில் தானோட்டிக் கார்களுக்கு டார்ப்பா என்ற ராணுவ ஆய்வு அமைப்பு நடத்திய நகர்ப்புறப் போட்டியில் இரண்டாவதாக வந்த ஸ்டான்ஃபோர்டின் ஜூனியர் கார் இதை வைத்துத்தான் நிறுத்துமிடங்களில் திரும்பியது. கட்டத்தில் இருந்து பக்கத்துக் கட்டத்துக்குத் தாவுவதற்குப் பதில், வண்டியால் உண்மையிலேயே ஓட்ட முடிகிற சின்ன வில் துண்டுகளாகவே நகர்ந்து தேடும்.

கணினி தாங்குமா என்று பயப்பட வேண்டாம். 2 ஏக்கரை 10 செ.மீ கட்டமாகப் பிரித்தால் சுமார் 8 லட்சம் கட்டம். முகத்திசையை 5 பாகைக்கு ஒன்றாக வைத்தால் 72 மடங்கு, 5.8 கோடி நிலைகள். மதிப்பீடு நன்றாக இருந்தால் அதில் மிகச் சிறிய பங்கைத்தான் தொட்டுப் பார்க்கும்.

ஆர்ஆர்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டீவன் லாவால் 1998இல் கொண்டுவந்தது. நிலைவெளியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளியை எறி, ஏற்கெனவே வளர்ந்த மரத்தில் அதற்குப் பக்கத்துக் கிளையில் இருந்து அந்தப் பக்கம் ஒரு எட்டு வளர். திரும்பத் திரும்பச் செய்தால் கிளைகள் வெளி முழுக்கப் பரவும். இது எண்கள் கூடும்போதுதான் தேவைப்படுகிறது. ஆறு மூட்டு உள்ள காய் பறிக்கும் கை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டையும் 5 பாகைக்கு ஒன்றாகப் பிரித்தால் 13,900 கோடி நிலைகள். அங்கே கட்டம் போட்டுத் தேட ஆளே கிடையாது, எறிந்து பார்ப்பதுதான் வழி. எறிந்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்து வழி தேடும் பிஆர்எம் முறையும், கவ்ராக்கி குழுவினர் 1996இல் வெளியிட்டது, இந்தக் குடும்பம்தான்.

ஆனால் இவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. கோயில் பெரிய கதவு சாத்தியிருக்கும்போது திட்டிவாசல் வழியாகக் குனிந்து போவோமே, அந்த மாதிரி ஒடுக்கமான வாயில் வந்தால் கண்ணை மூடி எறிகிற புள்ளி அதற்குள் விழுவது அபூர்வம். மணிக்கணக்கில் எறிய நேரிடும். வழியே இல்லாவிட்டாலும் அது ‘இல்லை’ என்று சொல்லாது, எறிந்துகொண்டே இருக்கும். மூன்று எண்ணே உள்ள உங்கள் வண்டிக்கு இதைக் கொண்டுவருவது வீண்.

---

பட்டுக்கோட்டை தோப்பு | அடுத்த ஞாயிறு, மாலை 6:10

ஒரு வாரமாக ராத்திரி இதே வேலைதான். முதலில் வாத்தியார் ஐயா சொன்ன சாதா ஏ ஸ்டார் போட்டேன். ‘ப’ பிரச்சினை முதல் ஓட்டத்திலேயே போய்விட்டது. வண்டி தானாகப் பின்வாங்கிச் சுற்றி வந்ததைப் பார்த்து அத்தை கை தட்டினார்.

ஆனால் இரண்டாவது நடையிலேயே சொட்டுநீர்க் குழாயை அறுத்துவிட்டது. வண்டிக்கு அது தடையே இல்லை. லைடார் 30 செ.மீ உயரத்தில் பார்க்கிறது, குழாய் தரையோடு கிடக்கிறது. பாத்தி வரப்பும் அப்படித்தான். என் வரைபடத்தில் மரம் மட்டும்தான் இருந்தது. இன்னொன்று, வழி எப்போதும் மரத்தை உரசுகிற மாதிரியே வருகிறது. நடுவில் இவ்வளவு இடம் இருக்க ஏன் ஓரமாகவே போகிறது?

---

ஒரத்தநாடு ஆய்வு மாணவி | ஞாயிறு, இரவு 7:45

குறுகிய வழி என்று கேட்டால் அது மூலையைத் தொட்டுக்கொண்டுதான் வரும். கயிற்றை இழுத்துக் கட்டினால் தடையின் விளிம்பில்தானே படியும்? தடைகளின் மூலைகளை மட்டும் கோட்டால் இணைத்து வழி தேடும் முறைகூட உண்டு, லொசானோ பெரெஸும் வெஸ்லியும் 1979இல் எழுதியது. நேர் எதிர்ப்பக்கம், எல்லாத் தடைக்கும் சம தூரத்தில் நடுக்கோட்டிலேயே போகிற வொரோனாய் வழி. அது பத்திரம், ஆனால் சுற்று.

உங்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். கட்டத்தை ‘போகலாம், போகக்கூடாது’ என்று இரண்டாக மட்டும் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை வையுங்கள். மிதித்து இறுகிய நடைபாதைக்கு 1, மரத்தை நெருங்க நெருங்க 2, 3, பாத்திக்கு 4, தண்ணீர் பாய்ச்சிய அன்று பாத்திக்கு 20. சொட்டுநீர்க் குழாய் ஓடும் கோடு முழுக்கத் தடை. குழாயை மண்ணுக்குள் புதைத்த இடத்தில் மட்டும் ஒரு வாசல் விடுங்கள். மிகக் குறைந்த விலை 1 என்று வைத்தால் பறவைத் தூர மதிப்பீடு உண்மைச் செலவை மிஞ்சாது, ஏ ஸ்டாரின் உத்தரவாதமும் கெடாது.

லைடார் பார்ப்பது மட்டும்தான் உலகம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குழாய் எங்கே போகிறது, எந்தப் பாத்தி இன்று ஈரம், இதெல்லாம் மாமாவுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் கையால் குறியுங்கள்.

---

நீடாமங்கலம் உழவர் | ஞாயிறு, இரவு 9:00

எனக்கு இந்தக் கணினி விவரம் பிடிபடாது, பேரன் படித்துக் காட்டினான். ஒரு சந்தேகம். குவியலில் இருந்து கொட்டகைக்குப் போவது ஒரு வேலை. பறிக்காத நாளில் நெற்று அங்கங்கே உதிர்ந்து கிடக்குமே, அதைப் பொறுக்கத் தோப்பு முழுக்க ஒரு இடம் விடாமல் போக வேண்டுமே? அதற்கும் இதே கணக்குதானா? நாங்கள் மாட்டை வைத்து உழும்போது விளா எடுத்துத்தான் உழுவோம். ஒரு சால் போட்டு இடத்தை வளைத்துக்கொண்டு, அதற்குள் சுற்றிச் சுற்றி உழுதுகொண்டே வருவது. சால் முனையில் மாட்டைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினால் மாடும் தவிக்கும், மூலையும் தவறிப்போகும்.

---

குடந்தை வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:50

ஐயா, நீங்கள் கேட்டது இந்தத் துறையில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. ஓரிடத்தில் இருந்து ஓரிடத்துக்குப் போகிற கணக்கு இல்லை அது, முழுப் பரப்பையும் ஒரு இடம் விடாமல் தொடுகிற கணக்கு. சோசெட், பிக்னான் என்ற இருவர் 1997இல் அதற்கு ஒரு முறை சொன்னார்கள். தடைகள் உள்ள நிலத்தைத் தடை இல்லாத துண்டுகளாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் போய்த் திரும்பி, போய்த் திரும்பி முடிக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயரில் உள்ள பூஸ்ட்ரோஃபிடான் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘உழும் மாடு திரும்புவது போல’ என்று பொருள். எழுத்தை ஒரு வரி இடமிருந்து வலமாகவும் அடுத்த வரி வலமிருந்து இடமாகவும் எழுதிய பழங்காலத்துச் சொல் அது.

அந்த முறையில் நேரத்தைத் தின்பது திருப்பங்கள்தான். அதனால் நிலத்தின் நீளவாக்கில் ஓட்ட வேண்டும், திருப்பம் குறையும். நீங்கள் சொல்லும் விளாவில் முனைத் திருப்பமே இல்லை, மாடு ஒரே பக்கமாக அகலமாக வளைந்துகொண்டே போகிறது. திரும்பும் ஆரம் பெரிதாக உள்ள எந்த வண்டிக்கும் அதுதான் நல்ல வழி. டிராக்டர்காரர்கள் ஒரு வரிசை விட்டு அடுத்த வரிசையில் திரும்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தம்பியின் தோப்பில் சந்துக்குச் சந்து 7.6 மீட்டர், வண்டி திரும்பத் தேவையான விட்டம் 3.6தான். அடுத்த சந்துக்கே திரும்பலாம். நெற்று பொறுக்க நீளவாக்கில் போய்த் திரும்புவது போதும்.

---

பட்டுக்கோட்டை தோப்பு | புதன், இரவு 10:15

விலை வைத்த வரைபடமும் ஹைப்ரிட் ஏ ஸ்டாரும் போட்டாயிற்று. திருப்பம் எல்லாம் நான்கு மர முற்றத்தில்தான் நடக்கிறது. பட்டறை அண்ணன் சொன்ன அதே இடங்கள், நான் நிரலில் எங்கேயும் அப்படி எழுதவில்லை. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

இப்போது வேறு ஒன்று இடிக்கிறது. நேற்று வண்டி பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டு, தான் சரியான சந்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. மட்டைகளுக்குக் கீழே ஜிபிஎஸ் நிலையாக வருவதில்லை. லைடாரில் பார்த்தால் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி, 25 அடிக்கு ஒரு மரம். வழி சரி, நிற்கும் இடம்தான் தப்பு.

இன்னொரு கேள்வி. ஓடும்போது வழியில் புதிதாக ஒரு மட்டை விழுந்தால் டி ஸ்டார் லைட் போட வேண்டுமா?

---

மன்னை பட்டறை | வியாழன், காலை 6:30

கஜா புயலில் உங்கள் தோப்பில் எத்தனை மரம் போனது தம்பி?

---

பட்டுக்கோட்டை தோப்பு | வியாழன், காலை 6:55

140 மரத்தில் 61 மரம் அண்ணே. 2018 நவம்பர் 16 விடியும்போது மாமா தோப்பு வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அடுத்த வருடமே சில இடத்தில் கன்று வைத்தார். மற்றதெல்லாம் இன்னும் வெறும் இடம்தான்.

---

மன்னை பட்டறை | வியாழன், காலை 7:20

அந்த வெறும் இடம்தான் உங்களுக்கு அடையாளம். எல்லா மரமும் நின்றிருந்தால் எந்தச் சந்தும் எந்தச் சந்துதான். மரம் இல்லாத இடங்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் ஒவ்வொரு சந்துக்கும் இப்போது ஒரு முகம் இருக்கும். வரைபடத்தில் விழுந்த மரத்தின் இடத்தையும் சேர்த்துக் குறியுங்கள். கன்று வைத்த இடத்தைத் தனியாகக் குறியுங்கள், இளம் தென்னையின் மட்டை தரை வரைக்கும் தொங்கும், லைடாருக்கு அது பெரிய புதர் மாதிரி தெரியும்.

---

ஒரத்தநாடு ஆய்வு மாணவி | வியாழன், காலை 9:10

அண்ணன் சொன்னது மிகச் சரி. வண்டி ஒரே ஒரு ஊகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ‘இந்தச் சந்தாக இருக்கலாம், அடுத்ததாகவும் இருக்கலாம்’ என்று பல ஊகங்களோடு கிளம்பி, போகப் போக மரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை தெரிந்தால் பொருந்தாத ஊகத்தைக் கழிக்க வேண்டும். பார்ட்டிக்கிள் ஃபில்டர் இதைத்தான் செய்கிறது. இடைவெளியே இல்லாத இரண்டு சந்து அடுத்தடுத்து இருந்தால் அங்கே மட்டும் ஒரு மரத்தில் மின்னும் பட்டை ஒட்டிவிடுங்கள்.

டி ஸ்டாரை ஸ்டென்ட்ஸ் 1994இல் செய்தார், டி ஸ்டார் லைட் 2002இல் கோனிக்கும் லிக்காச்சேவும் செய்தது. புதிய தடை வந்தால் பழைய தேடலில் மாறிய பகுதியை மட்டும் திருத்தும். பெரிய, தெரியாத நிலப்பரப்பில் அருமையான கருவி. 2 ஏக்கருக்கு வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி முதலில் இருந்து தேடினாலே போதும், பிழை வர இடம் குறைவு.

மனிதர், ஆடு, நாய் வேறு விஷயம். அவற்றை வரைபடத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஆடு போன பிறகும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். அதற்குத் தனியாக ஒரு கீழ்த்தளம் வேண்டும். ஃபாக்ஸ், புர்கார்ட், த்ரன் 1997இல் சொன்ன டைனமிக் விண்டோ முறையைப் பாருங்கள். அடுத்த நொடியில் வண்டியால் எட்ட முடிகிற வேகம், திருப்பம் ஆகியவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓடினால் என்ன ஆகும் என்று பார்த்து, முட்டுவதற்குள் பிரேக் பிடிக்க முடியாததை எல்லாம் தள்ளிவிடும். ஆள் குறுக்கே வந்தால் சுற்றிப் போகப் பார்க்காமல் நின்றுவிடுவது என்று வைத்துவிடுங்கள். அத்தை அங்கே நடமாடுவார்.

---

பட்டுக்கோட்டை தோப்பு | ஞாயிறு, மாலை 5:40

இன்று பறிப்பு. காலை 7 மணியில் இருந்து மதியம் வரைக்கும் 14 நடை, நடைக்கு 60 காய். மாமாவும் நானும் வியாழன் மாலை முழுக்க உட்கார்ந்து விழுந்த மரங்களின் இடத்தை ஒவ்வொன்றாகக் குறித்தோம். அவருக்கு எந்த மரம் எந்த வரிசை என்று எல்லாம் நினைவிருக்கிறது. எது எத்தனை காய் காய்த்தது என்பதுகூட. சந்து மாறுவது நின்றுவிட்டது. மின்னும் பட்டை ஒரே ஒரு மரத்தில்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

ஒன்பதாவது நடையில் ஒரு மட்டை வண்டிக்கு நேர் முன்னால் விழுந்தது. நின்றது, மறுபடி தேடியது, இடதுபக்க முற்றத்தில் திரும்பி அடுத்த சந்து வழியாகக் கொட்டகைக்கு வந்தது. அத்தை கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காயை எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினோராவது நடையில் ஈரப் பாத்தி ஒன்றில் பின்சக்கரம் புதைந்தது. மாமா காலையில் அந்த மடையைத் திறந்ததை என்னிடம் சொல்ல மறந்திருக்கிறார், வரைபடத்தில் அது இன்னும் 4தான். மடை வாயிலேயே ஒரு ஈர உணரி வைத்து, விலை தானாக ஏறும்படி செய்யலாமா என்று பார்க்கிறேன். பட்டறை அண்ணே, சேற்றில் நிற்கிற மாதிரி ஒரு முளை அடித்துத் தர முடியுமா?

---

மன்னை பட்டறை | ஞாயிறு, இரவு 7:05

செவ்வாய்க்கிழமை வாருங்கள். அரை அங்குல ஜிஐ குழாய் இருக்கிறது, நுனியைக் கூர்மையாக்கித் தருகிறேன். உணரியின் அளவை மட்டும் எடுத்து வாருங்கள்.